தனுஷ்கோடி மணல்திட்டில் பூச்சிகளைப் படமெடுக்க ஒரு நாள் நடை

மண்டபத்துக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு நாள் நடந்து பூச்சிகளைப் படமெடுத்து வர எங்கே போகலாம் என்று நம் இராமநாதபுரம் மாவட்ட நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஐயனார் அருவி, கும்பக்கரை, குற்றாலம் என்று மலைப்பக்கத்துப் பெயர்களே பதிலாக வருகின்றன. நம் மாவட்டத்தில் மலை இல்லை. கெந்தமாதன பர்வதம் என்று நாம் வணங்கும் இடமும் ஒரு மணல்மேடுதான். ஆனாலும் குனிந்து பார்க்கத் தெரிந்தவருக்கு நம் கரையே ஒரு முழு நாளுக்குப் போதும் என்பது என் உறுதியான எண்ணம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை நீளும் மணல்திட்டை வைத்து அதை விளக்க விரும்புகிறேன்.

திட்டின் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் நம் மக்கள் அழைப்பதற்கு அலையின் குணமே காரணம். பூச்சியைத் தேடிப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்பதைத்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல்மேடுகளின் வடக்குச் சரிவில் ஒதுக்கம் கிடைக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை இறங்கியதும் அந்த ஒதுக்கம் தெற்குச் சரிவுக்கு மாறிவிடும். பூச்சிகளும் இதே கணக்கில்தான் இடம் மாறுகின்றன. இராவணன் மீசைப் புற்களின் அடியிலும், அடப்பங்கொடி படர்ந்த பள்ளங்களிலும், தாழம்புதர்களின் நிழலிலும் அவை ஒதுங்கியிருக்கும். காற்றைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தவருக்கு ஒரு கல்லெறி தூரத்துக்குள்ளேயே காலை முழுவதற்கும் வேலை இருக்கும். தேராதவர் அரிச்சல்முனை வரை நடந்தாலும் ஆடுகிற இலைகளை மட்டுமே படமெடுத்துத் திரும்புவார்.

நேரமும் அப்படியே. விடியலில் இரவுக் குளிர்ச்சி உடலை விட்டு நீங்காத பூச்சிகள் புல்நுனிகளில் அசையாமல் பற்றிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் ஈரமணலில் புலிவண்டுகள் ஓடத் தொடங்கும். அதன்பின் எருக்குப் பூத்த இடங்களுக்குப் போய்விட வேண்டும். பத்தரை, பதினொரு மணிக்கு மேல் வெண்மணல் காய்ந்து கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மணற்குளவிகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மறைந்துவிடும். பிற்பகல் சாய்ந்த பிறகு ஒரு சுற்று வந்து, வெளிச்சம் இருக்கும்போதே இராமேசுவரம் திரும்பிவிடுவது நல்லது. இந்த நடையைப் பற்றியும், படமெடுக்கும் முறைகளைப் பற்றியும், குறிப்பாகப் பூச்சியைப் பிடித்துக் குளிரவைத்துப் படமெடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பரமக்குடி மாணவன்:

வணக்கம் ஐயா. என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. சிறு பொருளை அருகிலிருந்து பெரிதாக எடுக்க அதன்மேல் பொருத்தும் சிறிய மேக்ரோ வில்லை ஒன்றை வாங்கியிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு வரலாமா, அல்லது முறையான கேமரா கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

மண்டபத்துக்காரர்:

தாராளமாக வாருங்கள் தம்பி. கைப்பேசி வில்லையில் பூச்சிக்கு மிக அருகில், சில சமயம் இரண்டு விரல் அகலத்துக்குள், போக வேண்டியிருக்கும். ஆகவே ஓடுகிற, பறக்கிற பூச்சிகளை விட்டுவிட்டு, எருக்கிலையில் மேயும் புழு, வெட்டுக்கிளிக் குஞ்சு, அசுவினி, எறும்பு பிடிக்கும் குழிநரிப் பூச்சி தோண்டிய மணற்குழி ஆகியவற்றில் தொடங்குங்கள். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ வில்லை இருப்பவருக்கு ஏறத்தாழ ஒரு சாண் தூரம் கிடைக்கும், அவ்வளவே வேறுபாடு. பூச்சியின் உண்மை அளவிலேயே படம் பதியும் நிலையில், வில்லையின் ஒளித்துளையை எஃப் 11 வரை குறுக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதனால் எந்தக் கருவியானாலும் பூச்சியின் பக்கவாட்டு உடலுக்கு இணையாகக் கேமராவைப் பிடிப்பதும், கண்ணில் குவியம் வைப்பதும்தான் முதல் பாடம்.

நம் கரைக்கென்று ஒரு வசதியும் உண்டு. வெண்மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்புவதால், காலை வெயிலில் பூச்சியின் வயிற்றுப் பக்கம் இருண்டு போவதில்லை. ஃபிளாஷ் பயன்படுத்துவோர் அதன்முன் வெள்ளைத் தாளோ துணியோ வைத்து ஒளியைப் பரப்பினால், வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழாது.

தேனிச் சாரல்:

நான் மலை ஓடைகளிலேயே நடந்து பழகியவன். இராமநாதபுரம் நண்பர்கள் மலைக்கு வரக்கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இடங்களின் நடையும் எவ்வளவு வேறுபட்டது என்பதைச் சொன்னால் தொடங்கியவருக்கு உதவும்.

மலையிடுக்கில் காற்று அடங்கியிருக்கும், ஈரம் நிறைந்திருக்கும், வெயில் நேராக இறங்குவது நண்பகலை ஒட்டிய சிறிது நேரமே. அங்கே எங்கள் சிக்கல் வெளிச்சக் குறைவு. பாறைகளுக்கு நடுவே தேங்கிய ஈரமணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும்; அதில் பெரும்பாலானவை ஆண்பூச்சிகள். ஓடைக்கற்களின் மேல் நியூரோபேசிஸ் இனத்து ஊசித்தட்டான் பின்சிறகில் பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டு உட்காரும். அதன் இளம்பருவம் ஓடும் நீரில் வளர்வதால் உங்கள் மணல்திட்டில் அதைத் தேடுவதில் பயனில்லை. மலையில் நாங்கள் கவனமாக இருக்க வேண்டியது நீர்வரத்தைத்தான். மேலே மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடை பெருகிவிடும். ஆகவே இருபுறமும் ஏறமுடியாத பாறை நிற்கும் இடத்தில் மண்டியிட்டுப் படமெடுக்க உட்காரும் முன், கரையேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். புலிகள் காப்பக எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையவும் கூடாது.

உங்கள் திட்டில் இந்த அச்சங்கள் இல்லை. காற்றும் உப்பும் வெயிலும் இருக்கின்றன. மலையில் பூச்சி எங்கே இருக்கும் என்பதை நீர் சொல்கிறது. மண்டபத்து ஐயா எழுதியதைப் படித்தபோது, கடற்கரையில் அதைக் காற்று சொல்கிறது என்று புரிந்துகொண்டேன்.

எருக்கம்பூ:

நான் உச்சிப்புளி அருகே பள்ளி ஆசிரியை. எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு எருக்கஞ்செடியின் முன் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்காருங்கள். தனுஷ்கோடி நடையிலும் இதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் மணல்வெளியில் பசுமை குறைந்த மாதங்களிலும் எருக்கு பூத்திருக்கிறது. அதை நம்பி ஓர் ஊரே வாழ்கிறது.

வெந்தய வரியன் என்று நாம் அழைக்கும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இலையில் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெளிவரும் புழுவின் உடலில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும், முதுகில் மூன்று இணைக் கறுப்புத் தசைக்கொம்புகளும் இருக்கும். எருக்கின் பாலில் உள்ள நச்சை உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் இந்தப் பூச்சியைத் தின்னத் தயங்குகின்றன. இந்தப் பாதுகாப்பைக் கடன் வாங்குகிறது ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண். அதன் உடலில் நச்சு இல்லை. தோற்றத்தில் மட்டும் வெந்தய வரியனாகவே இருக்கிறது. ஆண் கறுப்பு நிறத்தில் பெரிய வெள்ளைத் திட்டுகளோடு முற்றிலும் வேறாக இருக்கும். பெண்ணை எப்படிப் பிரித்தறிவது? பின்சிறகின் நடுவில் மூன்று, நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி இருந்தால் மற்றது. முன்சிறகு மட்டும் அழகாகத் தெரியும் படத்தை எடுத்துக்கொண்டு வந்தால் இதைச் சொல்ல முடியாது. ஆகவே மாணவர் தம்பி, எந்த வண்ணத்துப்பூச்சியானாலும் சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் பின்சிறகோடு எடுக்கப் பழகுங்கள்.

அடுத்து எருக்கு வெட்டுக்கிளி. மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையாக அமைந்த அதன் நிறம் மணல்வெளியில் எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணில் படும். தன்னை மறைத்துக்கொள்ள அதற்குத் தேவை இல்லை. அதுவும் நச்சுண்டு வாழ்வது. பூக்களில் பெரிய கருந்தச்சன் வண்டுகள் வந்து மொய்க்கும். வண்டு என்று நாம் சொன்னாலும் அவை தேனீக்களின் உறவினங்களே. எருக்கின் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. இணையாகக் கோத்த சிறு பொட்டலங்களாக அவற்றின் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. தெளிவான பக்கவாட்டுப் படத்தில் அந்த மஞ்சள் பொட்டலங்கள் காலில் தொங்குவதைப் பார்க்கலாம். நான் பார்த்த எருக்கம்பூப் படங்களில் எனக்கு மிகப் பிடித்தவை அப்படிப்பட்டவையே. பூவும் பூச்சியும் எதற்காகச் சேர்ந்தன என்பதை அவை காட்டுகின்றன. தண்டு நுனியில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்ன வரும் பொறிவண்டு, வெடித்த காயில் சிவப்பும் கறுப்பும் கலந்த நாவாய்ப்பூச்சி என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எருக்கிலையைக் கிள்ளாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கேமராவைக் கண்ணருகே வைத்துக் கீழிருந்து பார்க்கிறவர் இதை மறக்கவே கூடாது.

வாடைக்காற்று:

நான் தங்கச்சிமடம். கடலுக்குப் போகிற குடும்பம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கரையே தெரியாத தூரத்தில் தட்டான்கள் படகின் கயிற்றில் வந்து உட்காருவதை நாங்கள் சிறு வயதிலிருந்தே பார்க்கிறோம். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று கரையில் சொல்வார்கள். கடலில் அவை உயரத்தில் காற்றோடு போகின்றன. எங்கே போகின்றன என்று யாராவது அறிந்தவர்கள் சொல்லுங்கள் அண்ணன்.

இன்னொன்றும் உண்டு. அலை இல்லாத நாளில் பெண்கடல் பக்கம் நீரின் மேல் சிறு பூச்சிகள் சறுக்கிக்கொண்டு போகும். குளத்தில் நீர்மேல் நடக்கும் பூச்சியைப் போலவே இருக்கும், ஆனால் உடல் குட்டை. காரங்காட்டில் அலையாத்தி மரங்களுக்கு இடையே படகில் போகிறவர்களும் நீரின் மேல் இதைத் தேடிப் பார்க்கலாம்.

நுண்நோக்கி:

தம்பி வாடைக்காற்று சொன்ன இரண்டுமே மதிப்புள்ள தகவல்கள். பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் விளக்குகிறேன்.

படகில் வந்து உட்காருபவற்றில் பெரும்பகுதி பான்டாலா ஃபிளாவெசென்ஸ் என்னும் தட்டானாக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த பழுப்பு உடலும், அடிப்பகுதி அகன்ற பின்சிறகும் கொண்டது. அந்த அகலம்தான் சிறகை அதிகம் அடிக்காமல் நெடுந்தூரம் மிதக்க உதவுகிறது. மாலத்தீவில் வாழ்ந்த கடலியல் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர் நிலைகள் மிக அரிதான அந்தத் தீவுகளில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் இத்தட்டான்கள் திரளாக வந்திறங்குவதைக் கவனித்துப் பதிவுசெய்தார். இந்தியாவிலிருந்து புறப்பட்டு, வடகிழக்கிலிருந்து வீசும் உயரக் காற்றைப் பற்றிக்கொண்டு, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்றும், அடுத்தடுத்த தலைமுறைகள் திரும்பி வருகின்றன என்றும் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் முன்வைத்தார். முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. போகிற வழியெல்லாம் மழைநீர் தேங்கிய குட்டைகளில் முட்டையிடும். அதன் இளம்பருவம் ஏறத்தாழ ஆறு வாரத்தில் வளர்ந்து முடிவதால், கோடையில் வற்றிப்போகும் நம் பக்கத்துக் குட்டையே அதற்குப் போதும்.

இதைப் படமெடுக்க நினைப்பவர் பகலில் துரத்த வேண்டாம். அது இளைப்பாற உட்காருவது குறைவு. பொழுது சாயும்போது ஒதுக்கமான பக்கத்துக் காய்ந்த குச்சிகளில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஓய்வெடுக்கும். மறுநாள் விடியலிலும் அங்கேயே இருக்கும்.

நீர்மேல் சறுக்கும் பூச்சி ஹாலோபேட்டஸ். திறந்த பெருங்கடல் பரப்பில் வாழும் பூச்சிகள் இந்தப் பேரினத்தின் சில வகைகள் மட்டுமே. மற்ற ஹாலோபேட்டஸ் வகைகள் கரையோரங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் இருக்கின்றன. பெருங்கடல் வகைகள் கடலில் மிதக்கும் இறகு, மரத்துண்டு போன்றவற்றின் மேல் முட்டையிடுகின்றன, இப்போது பிளாஸ்டிக் துண்டுகளின் மேலும். ஆடும் படகில் மேக்ரோ வில்லை கைகொடுக்காது. சற்று நீண்ட குவியத் தொலைவுள்ள வில்லையும் வேகமான ஷட்டரும் வேண்டும்.

கண்ணாடிவில்லை:

மண்டபத்து ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பூச்சியை ஒரு டப்பாவில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் அதன் இயக்கம் குறைந்துவிடும். பின்னர் காற்றில்லாத இடத்தில் வைத்துப் பல குவியங்களில் எடுத்த படங்களைக் கணினியில் அடுக்கி, கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு அறுகோணச் சிறுகண்ணையும் காட்டலாம். சூடேறியதும் பூச்சி பறந்துவிடும். நம் கடற்கரைக் காற்றில் இப்படிப்பட்ட படம் எடுக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பல நாடுகளில் கைதேர்ந்தவர்கள் செய்வதுதான். இதில் என்ன தவறு இருக்கிறது என்பதை உணர்ச்சிவசப்படாமல் விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

எருக்கம்பூ:

விளக்க முயல்கிறேன். முதலாவது, பிடிப்பதே பூச்சிக்குத் தாக்குதல்தான். எருக்கு வெட்டுக்கிளியின் குஞ்சைத் தொட்டால் அது உடலிலிருந்து ஒரு திரவத்தைப் பீச்சியடிக்கும். உண்ட நச்சிலிருந்து சேர்த்த தற்காப்பு அது. உங்கள் டப்பாவுக்குள் அதைச் செலவழித்துவிட்டு, வெளியே விட்டதும் ஓணானிடம் வெறுங்கையோடு போய் நிற்கும். படம் தெளிவாக இருக்கிறது என்பது அந்தக் குஞ்சுக்கு எந்தப் பயனும் தராது.

இரண்டாவது, குளிர்ந்த பூச்சி தன் இயல்பான நிலையில் நிற்பதில்லை. கால்கள் உட்புறம் மடங்கியிருக்கும், உணர்கொம்புகள் தொய்ந்திருக்கும். அதை எடுத்து அது ஒருபோதும் உட்காராத ஒரு பூவின் மேல் வைத்துப் படமெடுத்தால், பார்க்கும் மாணவர் அந்தப் பூச்சி அந்தப் பூவில் தேன் குடிக்கும் என்று எழுதி வைப்பார். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான் பாடம் எழுதுகிறார்கள். பொய்யான பூவில் உட்கார்ந்த பூச்சி அவர்கள் நோட்டில் மெய்யாகிவிடும். எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இதுதான்.

நுண்நோக்கி:

அக்கா சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அறிவியல் சேகரிப்பை இதோடு சேர்த்துவிடக் கூடாது. குளவி, ஈ, சிறு வண்டு ஆகியவற்றில் பல இனங்களை எவ்வளவு கூர்மையான படத்திலிருந்தும் பெயரிட முடியாது. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அதற்குச் சிறிய எண்ணிக்கையில், உரிய அனுமதியோடு, முறையான அருங்காட்சியகத்தில் சேர்ப்பதற்காகப் பூச்சிகளைச் சேகரிப்பது தேவையான வேலை. அழகுக்காகக் குளிரவைப்பவர் அந்தத் தேவையைக் காரணம் காட்ட முடியாது. அதேபோல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஈக்கும் இனப்பெயர் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நேர்மையான பதிவு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் சில வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. தனுஷ்கோடிப் பகுதியில் 2025 ஆம் ஆண்டு பெரும் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த எல்லைக்குள் எந்த உயிரையும் பிடித்துப் பெட்டியில் போடுவதற்கு வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

மண்டபத்துக்காரர்:

கண்ணாடிவில்லை அவர்கள் வேறு வழி இல்லை என்றது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிப்ரவரி, மார்ச் மாத விடியலில் நம் கரையில் காற்று அடங்கும் நேரம் உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த தட்டானும் குளவியும் அப்போது தாமாகவே அசைவற்றிருக்கும். உங்கள் பெட்டி செய்கிற வேலையை இயற்கை அங்கேயே, அதே குச்சியில், கால்கள் இயல்பாகப் பற்றிய நிலையில் செய்து வைத்திருக்கிறது. முக்காலியைத் தாழ்த்தி ஊன்றி, குச்சியின் அடிப்பகுதி ஆடாமல் வேறொரு கழியை அருகில் நட்டுத் தாங்கினால், ஐந்தாறு குவியங்களில் எடுத்து அடுக்க முடியும். கண்ணின் அறுகோணங்கள் எல்லாம் தெரிகின்றனவா என்றால், எல்லாம் தெரியாது; போதுமான அளவு தெரியும்.

ஓடுகிற புலிவண்டுக்கு அதன் குணம் தெரிந்தால் போதும். அது ஓடும் வேகத்தில் கண்ணால் போதிய ஒளியைத் திரட்ட முடியாமல் இரை மங்கிப்போவதால், சற்று ஓடி, நின்று, பார்த்து, மறுபடி ஓடும். நின்றபடி துரத்துகிறவரைக் கண்டால் பறந்து சற்றுத் தொலைவில் போய் இறங்கும். ஈரமணலில் முழங்கையை ஊன்றிப் படுத்து, அது வரும் திசையில் முன்கூட்டியே குவியத்தை நிறுத்தி அசையாமல் இருந்தால், நின்று பார்க்கும் இடைவெளிகளில் படம் கிடைக்கும்.

மணற்குளவிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். பெம்பிக்ஸ் இனத்துப் பெண்குளவி மணலில் வளை தோண்டி, உள்ளே வளரும் புழுவுக்கு ஈக்களைப் பிடித்து வந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளியே போகும்போதெல்லாம் வாயிலை மணலால் மூடிவிட்டுப் போகும். மூடிய வாயிலை அது எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறது? நிக்கோ டின்பெர்கன் நெதர்லாந்து மணல்வெளியில் இதைப் போலவே மணலில் வளை தோண்டும் வேறொரு குளவியின் வளையைச் சுற்றிப் பைன்மரக் காய்களை வட்டமாக அடுக்கிப் பழக்கி, குளவி வெளியே போயிருந்தபோது அவற்றை நகர்த்தி வைத்தார். திரும்பி வந்த குளவி வளையை விட்டுவிட்டுக் காய் வட்டத்தின் நடுவே போய் இறங்கியது. சுற்றியிருக்கும் பொருள்களையே அது அடையாளமாக மனத்தில் வைத்திருக்கிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

நாம் என்ன செய்கிறோம்? சட்டகத்துக்குள் குப்பையாகத் தெரிகிறது என்று வளையருகே கிடக்கும் சிப்பியை, சவுக்குக் குச்சியை, பாசிச் சருகை எடுத்து எறிகிறோம். பையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைக்கிறோம். ஈயோடு திரும்பும் குளவி வட்டமிட்டு வட்டமிட்டுத் தேடுகிறது. உள்ளே புழு பசித்திருக்கிறது. மணல்திட்டில் ஒரு சிப்பியைக் கூட நகர்த்தாமல் படமெடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் குளவிதான்.

கண்ணாடிவில்லை:

சிப்பியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. விடியல் நேரத்தைச் சோதித்துப் பார்க்கிறேன். ஆய்வகத்தில் அனுமதியோடு செய்யும் அடுக்குப் படங்களுக்கு இடம் உண்டு என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது; அதைக் களத்தில் எடுத்ததாகக் காட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படத்தின் கீழே எப்படி எடுத்தது என்று எழுதிவிடலாம்.

உடைமரம்:

திட்டோடு நிறுத்திவிடாமல் உள்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உகாய் மரமும் சங்கஞ்செடியும் வளர்ந்த இடங்களில் கோலோடிஸ் அமேட்டா என்னும் இளஞ்செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கலாம். அதன் புழு அவற்றின் இலையைத்தான் உண்ணும். ஆடுதின்னாப்பாளை படர்ந்த காட்டுப்பக்கங்களில் செவ்வுடலும் கருஞ்சிறகும் கொண்ட பாக்லியோப்டா ஹெக்டார் வரும். இலங்கைக்கும் நமக்கும் பொதுவான பூச்சி அது. கடல் தாண்டிப் போவதாகவும் பதிவுகள் உண்டு. சீமைக்கருவேலம் மூடிய இடங்களில் இந்தச் செடிகள் அருகிவருவதைப் பார்க்கிறேன். பூச்சியைப் படமெடுப்பவர்கள் செடியையும் சேர்த்துப் படமெடுத்துத் தேதியோடு வைத்தால், எந்தச் செடி எப்போது வரை எங்கே இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. யாராவது படகில் அழைத்துப் போகிறேன் என்று சொன்னாலும் அனுமதியின்றி அங்கே இறங்காதீர்கள். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களை ஏற்றும்போது, சேகரிப்போர் தேடிவரக்கூடிய இனமாக இருந்தால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பரமக்குடி மாணவன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மட்டும். குழிநரியை எங்கே தேடுவது? உப்புக்காற்றில் கைப்பேசியும் வில்லையும் கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மண்டபத்துக்காரர்:

குழிநரிக்குக் காற்றும் மழையும் படாத உலர்ந்த நுண்மணல் வேண்டும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து நிற்கும் பழைய கட்டடங்களின் சுவரோரங்களைப் பாருங்கள். சுவரின் மேல் ஏறாதீர்கள், கற்கள் பிடிப்பின்றி இருக்கின்றன. கூம்புக்குழியின் அடியில் தாடை மட்டும் தெரிய அது காத்திருக்கும். எறும்பு சரிந்து விழும்போது மணலை வாரியெறிந்து மேலும் சரியவைக்கும். எறும்பைப் பிடித்து நீங்களே உள்ளே போட வேண்டாம். பொறுத்திருந்தால் தானாகவே ஒன்று வரும்.

வில்லையில் உப்புத்திவலை படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் கூடவே ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் காற்றூதும் ரப்பர் குமிழால் மணலை ஊதிவிட்டு, பிறகு சற்று ஈரமான மென்துணியால் ஒற்றியெடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் கரையில் வில்லையை மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குடிநீரும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். திட்டில் மர நிழல் மிகக் குறைவு. புறப்படும் முதல் நாள் மாலை வாடைக்காற்றுத் தம்பியிடம் காற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சரிவில் தொடங்குவது என்பதை அவர் சொல்லிவிடுவார்.

வாடைக்காற்று:

கேளுங்கள் தம்பி, சொல்கிறேன். இந்த வாரம் முழுவதும் வாடைதான்; தெற்குச் சரிவுக்கே போங்கள்.